ஒண்ணு வாங்கினா ஒண்ணு

கண்ணைத் தொறக்காதீங்க அண்ணாச்சி. தொறந்தீங்கன்னா அந்த சிஸ்டரு வந்து மறுபடியும் சொட்டு மருந்தை ஊத்திட்டுப் போயிரும். நமக்கு முன் வரிசையில ஒரு செவப்புத் துண்டுக்காரரு இருக்காரு, அவரு அப்படித்தான் 'எம்பேரைக் கூப்பிட்டாகளா'ன்னு தொறந்து பாத்தாரு, மொதல்ல இருந்து ஆரம்பிச்சிட்டாக. நீங்க பாட்டுக்கு மூடிக்கிட்டு சாஞ்சிருங்க. உங்க பேரைக் கூப்பிட்டா நான் சொல்லுதேன். பேரு என்ன? பால்வண்ணனா? நல்ல பேரு. சுகருக்காகப் பாக்கச் சொன்னாங்களா? சரி சரி, பாத்துக்கிட வேண்டியதுதான். நான் பேசுனா தொந்தரவு இல்லையே? கண்ணுக்குத்தான மருந்து, காது சும்மாத்தான இருக்கு.

எனக்கா? எனக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எங்கண்ணு நல்லாருக்கு. வீட்டுக்காரி உள்ள இருக்கா, ஏதோ பீல்டு டெஸ்டாம். நானும் கூடத்தான் போனேன். வெளிய அனுப்பிட்டாங்க. நியாயமான ஒரு பேச்சுப் பேசினேன், அதுக்குத்தான்.

என்ன நடந்துச்சுன்னா, இருட்டு ரூமு. பெரிய வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மிஷினு, அதுக்குள்ள மூஞ்சியை வைக்கச் சொல்லுதாங்க. உள்ள அங்கங்க குட்டியா ஒரு வெளிச்சம் மின்னுமாம். மின்னுறது தெரிஞ்சா கையில இருக்க பட்டனை அமுக்கணும். அவ்வளவுதான் டெஸ்டு. வீட்டுக்காரி வடிவு உக்காந்தா. உக்காந்தவ உக்காந்தபடி இருக்கா, பட்டன் சத்தமே இல்ல. எப்பவாச்சும் ஒரு டிக்கு, பெறகு ரொம்ப நேரம் ஒண்ணும் இல்ல. டெஸ்டு எடுக்கிற பிள்ளை 'யம்மா, தூங்கிட்டீங்களா? தெரிஞ்சா அமுக்குங்க'ன்னு சொல்லுது. இவ 'தெரிஞ்சா அமுக்குதேன்மா'ங்கா. எனக்குப் புரிஞ்சு போச்சு. 'ஏம்மா, மிஷினை ஒரு தடவை பாரேன், பட்டன் வயரு லூசா இருக்கும்'னேன். தப்பா அண்ணாச்சி? அந்தப் பிள்ளை என்னைய ஒரு பார்வை பாத்துச்சு. 'ஐயா, இதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு மிஷினு நல்லாத்தான் வேலை பாத்துச்சு, நீங்க வெளிய உக்காருங்க'ன்னு சொல்லிருச்சு.

வெளிய வந்து உக்காந்துட்டேன். இத்தனைக்கும் காரணம் ஒரு கண்ணாடிக் கம்பெனிக்காரன். அவனை விடுததா இல்ல. ஆனா அத ஆரம்பத்துல இருந்து சொன்னாத்தான் உங்களுக்கு விளங்கும்.

எம்பேரு தனுஷ்கோடி. கோவில்பட்டி. டெலிபோன் ஆபீஸ்ல இருந்து ரிட்டயர்டு ஆனவன். சர்வீஸ் பூராவும் கம்ப்ளைண்ட் செக்சன்தான். 'போன்ல சத்தம் வரல, போன் செத்துப் போச்சு'ன்னு ஊரே என்னையத்தான் தேடி வரும். ஒரு பொருள்ல கோளாறுன்னா அதை எப்படிக் கேக்கணும், யாருகிட்டக் கேக்கணும்னு எனக்கு அத்துப்படி. எங்க தெருவுல மிக்ஸி சரியில்லையா, கட்டிலு கால் உடைஞ்சிருச்சா, எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வருவாங்க. நான் ஒரு மனு எழுதிக் குடுத்தேன்னா கம்பெனிக்காரன் வேர்த்து விறுவிறுத்து வந்து மாத்திக் குடுத்துட்டுப் போவான். பெருமைக்குச் சொல்லல. அது ஒரு கொணம் எனக்கு.

வீட்டுக்காரி பேரு சண்முகவடிவு. பக்கத்துக் கிராமத்துப் பள்ளிக்கூடத்துல சத்துணவு அமைப்பாளரா இருக்கா. தெனமும் ஸ்கூட்டியில போயிட்டு வருவா. நான் ஓட்டச் சொல்லிக் குடுக்கல, மக சொல்லிக் குடுக்கல, அவளா ஒரு லீவுல மைதானத்துல விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கிட்டா. அந்த வண்டியில ஏறி உக்காந்தா அவ மூஞ்சியே வேற. முந்தானையைச் சொருகிக்கிட்டு, பஸ்ஸையும் எவன் கையையும் எதிர்பாக்காம போவா வருவா. ஊர்ல எல்லா வண்டியும் எனக்கு மட்டும் வழி விடுதுங்கிற மாதிரி ஒரு நடப்பு. நானே கேலி பண்ணுவேன், 'கலெக்டரம்மா கெளம்பிட்டாக'ன்னு.

போன ஐப்பசியில எனக்குக் கண்ணாடி மாத்த வேண்டியிருந்துச்சு. ஊர்ல ஜெயசீலன்னு ஒருத்தன் கடை வச்சிருக்கான். அவன் கடைப் படி நான் ஏறமாட்டேன். முன்னால அவன்கிட்ட ஒரு கண்ணாடி வாங்கி, வாங்குன வேகத்துல அதுல ஒரு திருகாணி விழுந்துருச்சு. திருகாணிக்குக் காசு கேட்டான். திருகாணிக்கு! விட்டேனா பாரு, நுகர்வோர் கோர்ட்டு வரைக்கும் இழுத்துட்டேன். அவன் திருகாணியும் குடுத்தான், மன்னிப்பும் கேட்டான். அதோட சரி, அவன் இருக்க திசைக்கே நான் போறதில்ல. வடிவு ஒரு தடவை சொன்னா, 'ஜெயசீலன் அண்ணாச்சி கடையில கம்ப்யூட்டர் வச்சு சும்மாவே கண்ணு பாக்காங்களாம், ஒரு எட்டுப் போயிட்டு வருவமா'ன்னு. 'செத்தாலும் போக மாட்டேன்'னேன். அதோட விட்டுட்டா.

அப்பத்தான் எம்மக பொற்செல்வி போன்ல ஒரு ஆப்பைப் போட்டுக் குடுத்தா. தூத்துக்குடியில கட்டிக் குடுத்திருக்கோம், தீவாளிக்கு வந்திருந்தா. அதுலயே கண்ணாடி வாங்கலாமாம், வீட்டுக்கே வந்துருமாம். தொறந்து பாத்தா கண்ணாடியோ கண்ணாடி. அதுல ஒரு வேடிக்கை உண்டு அண்ணாச்சி, கேளுங்க. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னு அவனுக்குத் தெரியணுமாம். அதுக்கு ஏ.டி.எம். கார்டை நெத்தியில ஒட்டினாப்புல வச்சுக்கிட்டுப் போட்டோ எடுத்து அனுப்பணும். நான் வச்சேன், மக எடுத்தா. பெறகு வடிவு நெத்தியிலயும் வச்சோம். அவளுக்குப் பொட்டை எடுத்துட்டு வைக்க மனசில்ல. பொட்டுக்கு மேலயே வச்சா கார்டு நிக்க மாட்டேங்கு, வழுக்கி வழுக்கி விழுது. வீடே சிரிப்பாச் சிரிச்சது.

அவளுக்கும் எதுக்குன்னு கேக்கீங்களா? ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம். தீவாளி ஆபரு. நமக்கு வேணும்னாலும் வேண்டாட்டாலும் ரெண்டாவது வரும். அவளும் அதுவரைக்கும் என் பழைய கண்ணாடியைத்தான் போட்டுக்கிட்டிருந்தா. நான் புதுசு மாத்தும்போதெல்லாம் பழசு அவளுக்கு. எங்க பக்கம் எல்லா வீட்டுலயும் அப்படித்தான், உங்க வீட்டுலயும் அப்படித்தான் இருக்கும். சரி, கழுத, வாழ்க்கையில ஒரு தடவை அவளும் புதுசாப் போடட்டும்னு நெனச்சேன். மனசாரத்தான் நெனச்சேன்.

அந்த ஆப்புல நம்ம மூஞ்சி தெரியும், அது மேல கண்ணாடி தானா வந்து உக்காரும். வட்டம், சதுரம், பூனைக்கண்ணு மாதிரி ஒண்ணு. வடிவு மூஞ்சியில ஒவ்வொண்ணா மாத்தி மாத்திக் காட்டினேன். 'எது நல்லாருக்கு'ன்னா, 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நீங்களே சொல்லுங்க'ங்கா. போனை மூஞ்சிக்குக் கிட்டக்க, ரொம்பக் கிட்டக்கக் கொண்டு போயிப் பாத்தா. புதுப்பொண்ணு மாதிரி வெக்கப்பட்டுக்கிட்டுப் பாக்கான்னு நெனச்சேன். கருப்புல பட்டையா ஒரு பிரேமு, அதை நான்தான் எடுத்தேன்.

பவரா? அதான் எங்கிட்டச் சீட்டு இருந்துச்சே. ரிட்டயர்டு ஆகும்போது எழுதிக் குடுத்தது. அதைப் போட்டோ எடுத்து ரெண்டுக்கும் போட்டுட்டேன். இதுல என்ன இருக்கு அண்ணாச்சி? ரெண்டு பேரும் ஒரே வீட்ல ஒரே சோத்தைத் திங்கோம். எனக்குச் சாப்பாட்டுல எவ்வளவு உப்போ அவளுக்கும் அவ்வளவுதான். வயசும் பெருசா வித்தியாசமில்ல. படிக்கிற கண்ணாடிதான, ஆளுக்கு ஆளு என்ன பெருசா மாறிறப் போகுது.

கண்ணாடி வந்துச்சு. எனக்கு அருமையா இருந்துச்சு. இவ போட்டா. அங்கிட்டுப் பாத்தா, இங்கிட்டுப் பாத்தா. 'கொஞ்சம் மங்கலா இருக்குங்க'ன்னா. 'பழகணும்டி, புதுச்செருப்பு மாதிரிதான்'னேன். கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டேன், அவங்களும் பழகணும்னுதான் சொன்னாங்க. அதை நல்லா ஞாபகம் வச்சுக்கிடுங்க, அவங்களே சொன்னாங்க.

கார்த்திகை பூராவும் பழகினா. பழகிப் பழகி என்ன ஆச்சுன்னா, ஒரு நா பள்ளிக்கூடத்துல சாம்பார் வாளியைத் தரையில வச்சிருக்காங்க. இவ பக்கத்துலயே நடந்து போறவ அதை இடிச்சுத் தள்ளிட்டா. கொதிக்கக் கொதிக்க சாம்பாரு. பிள்ளைங்க வரிசையில தட்டோட உக்காந்திருக்கு. நல்ல வேளை, யார் மேலயும் படல. சமையல்காரம்மா 'ஏக்கா, இம்புட்டுப் பெரிய வாளி கண்ணு தெரியலையா'ன்னு கேட்டிருக்கு. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கிட்டு அழுதா. 'ஒரு பிள்ளை மேல பட்டிருந்தா நான் என்ன செய்வேன்'னு அதையே திரும்பத் திரும்பச் சொல்லுதா. எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கண்ணாடியைப் பிடுங்கிப் பாத்தேன். பட்டை பிரேமு! சைடுல பாதியை அதுவே மறைக்கி. பொறகு வாளி எப்படித் தெரியும்?

அன்னைக்கு ஆரம்பிச்சதுதான் சண்டை. போனைப் போட்டேன். யாழினின்னு ஒரு பிள்ளை பேசுச்சு, நல்ல தமிழ்ல. பிரேமு டிசைனே தப்பு, மாத்திக் குடுன்னேன். மாத்திக் குடுத்துட்டாங்க. சத்தியமாச் சொல்லுதேன், நான் போட்ட சத்தத்துக்கு மாத்திக் குடுத்தாங்க. அடுத்து வந்தது மெல்லிசுக் கம்பி. சைடெல்லாம் தெறந்து கெடக்கும்.

அதைப் போட்டும் வாசக்கதவு நிலையில தோளை இடிக்கா. எடது தோள்ல தெனமும் ஒரு ரத்தக்கட்டு. 'என்னடி'ன்னா 'என்னமோ, அந்தப் பக்கம் ஒண்ணு இருக்கதே தெரிய மாட்டேங்கு'ங்கா. அரிசியில கல்லு பொறுக்க மாட்டேங்கா. கூப்பிட்டா, நான் பக்கத்துல நின்னாலும் வேற எங்கயோ திரும்பித் தேடுதா. நான் ரோசிச்சேன். கண்ணாடி மேல பச்சையா ஒரு பளபளப்பு இருக்கும்லா, கோட்டிங்காம் அது. அதுதான் கூசுது, கூசுறதுனாலதான் தெரியலன்னு கண்டுபிடிச்சேன். மறுபடியும் போனு. மறுபடியும் அதே யாழினி. கோட்டிங் இல்லாம வேணும்னேன்.

எங்க ஆபீஸ்ல ஒரு முறை உண்டு அண்ணாச்சி. போன்ல சத்தம் வரலன்னு ஒருத்தர் வந்தாருன்னா மொத வேலை கருவியை மாத்துறது. பாதிப் பேருக்கு அதுலயே சரியாப் போயிரும். கருவி கையில இருக்கு. கேபிளு மண்ணுக்குள்ள கெடக்கு. அதை யாரு தோண்டுதது? கருவியை மாத்து, சரியாகலன்னா இன்னொரு கருவியை மாத்து. பார்ட்டி ஓய்ஞ்சு போயிருவாரு. சர்வீஸ் பூராவும் அப்படித்தான் வேலை பாத்தோம், ஒரு மெமோ வாங்கினதில்ல.

ஆனா அந்த யாழினி இருக்கே, அது ஒவ்வொரு தடவையும் ஒரே கேள்வியைக் கேக்கும். 'சார், மேடம் கடைசியா எப்ப சார் ஐ டெஸ்ட் பண்ணாங்க?' நான் பிடி குடுக்கவே இல்ல. ஒரு நா வாயைக் குடுத்துட்டேன். 'டெஸ்டு என்னம்மா டெஸ்டு, எம்பவருதான் அவளுக்கும் போட்டேன்'னு. லைன் கட்டாயிருச்சோன்னு அலோ அலோங்கேன். பெறகு அது சொல்லுது, 'சார், தயவுசெஞ்சு கண்ணாடியை விட்ருங்க சார். மேடத்தை உடனே ஒரு டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க சார். எங்க அம்மாவுக்கும்...'னு என்னமோ ஆரம்பிச்சது. நான் விடல. 'பேச்சை மாத்தாத. ரெண்டு பேருக்கும் ஒரே பவர் போடக்கூடாதுன்னு உங்க ஆப்புல எங்கயாவது எழுதியிருக்கா? காட்டு. உங்க மேனேஜர்ட்ட குடு'ன்னேன். மேனேஜர் வந்தாரு. நுகர்வோர் கோர்ட்டுன்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். பணமும் வாபஸ், கண்ணாடியும் நாமளே வச்சுக்கிடலாம், மேல இன்னொரு கண்ணாடியும் சும்மா. அப்படி ஜெயிச்சேன் அண்ணாச்சி. தெரு பூராவும் பேச்சு. ஸ்டேசனரிக் கடை ராஜாமணி ஓடி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

அந்த சந்தோசத்துல வடிவுகிட்ட 'ஒரு காப்பி போடுட்டி'ன்னேன். கொண்டு வந்தா. ராஜாமணிக்கும் எனக்கும் டம்ளரை வச்சு, செம்புல இருந்து ஊத்துதா. டம்ளருக்கு வெளிய ஊத்துதா. மேஜையில காப்பி ஓடுது, ராஜாமணி வேட்டியில சொட்டுது, இவ பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்கா. ராஜாமணி சிரிச்சான், நானும் சிரிச்சேன். 'ஜெயிச்ச சந்தோசத்துல இவளுக்குக் கை நடுங்குது'ன்னேன். அவளும் சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே கையால மேஜையைத் தடவித் தடவித் துடைச்சா.

அன்னைக்குச் சாயந்தரம் ஸ்கூட்டி சாவியைக் கொண்டு வந்து என் கையில குடுத்துட்டா. 'இனிமே பஸ்ஸுலயே போயிக்கிடுதேன்'னா. 'ஏன்'னேன். 'எதுத்தாப்புல வர்றது தெரியுது. பக்கத்துல வர்றது தெரியல. நேத்து ஒரு சின்னப்பையன் சைக்கிள்ல வந்திருக்கான், அவன் கத்தின பொறகுதான் அங்க ஒருத்தன் இருக்கதே தெரியும்'னா. 'அடுத்த கண்ணாடி வரட்டும்டி, சரியாப் போகும்'னேன். 'எங்கண்ணை யாராவது பாத்தா நல்லாருக்குங்க'ன்னா. 'அதான் நான் பாத்துக்கிட்டே இருக்கேனே'ன்னேன். உண்மைதான அண்ணாச்சி? நான் அதுக்காக எத்தனை போன் போட்டிருப்பேன், எத்தனை பேர்கிட்டச் சண்டை போட்டிருப்பேன். வேற எந்தப் புருசன் பொண்டாட்டியோட கண்ணாடிக்கு இம்புட்டு மெனக்கெடுவான்? அவ வெளிய போனா. வண்டி மேல ஒரு பழைய சேலையைப் போத்தி விட்டா, தூசி படியாம.

யாரு? இல்ல, அது பால்ராஜாம். உங்க பேரு இல்ல. நீங்க சாஞ்சிருங்க.

தை கழிஞ்சு அவ பள்ளிக்கூடத்துக்கு ஒரு கேம்ப் வந்திருக்கு. பிள்ளைங்க கண்ணைப் பாக்க வந்தவங்க, டீச்சர்மாருக்கும் பாத்திருக்காங்க, இவளுக்கும் பாத்திருக்காங்க. ஒரு சின்ன வயசு டாக்டரு டார்ச் அடிச்சுப் பாத்துட்டு, 'யம்மா, நீங்க நாளைக்கே மதுரைக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், தள்ளிப் போடாதீங்க'ன்னு சொல்லியிருக்கான். வந்து சொன்னா. கேம்ப்புன்னா நமக்குத் தெரியாதா? ஆள் பிடிக்க வாரவங்க. பஸ்ஸுல ஏத்திக் கொண்டு போயி ஆபரேசனைப் பண்ணிவிட்டுருவாங்க. 'பொறு, சும்மா வர வேண்டிய கண்ணாடி இன்னும் வரல. அதைப் போட்டுப் பாப்போம், அதுக்கும் தெரியலன்னா போவோம்'னேன். அது வர லேட்டாயிருச்சு. கூரியர்காரன் தப்பா கோவில்பட்டியிலயே வேற தெருவுக்குக் கொண்டு போயிட்டான். அதுக்கு ஒரு சண்டை. மாசியும் போச்சு. அந்தத் தாமதத்துக்கு யாரு பொறுப்பு? நீங்களே சொல்லுங்க. கம்பெனிதான?

பங்குனியில மக வந்தா. வந்தவ வாசல்ல நின்னுக்கிட்டு 'அம்மா'ங்கா. வடிவு மொகம் மலர்ந்து போயி அந்தப் பக்கம் திரும்பி 'வாம்மா, வா'ன்னு செவத்தைப் பாத்துக் கையை நீட்டுதா. பிள்ளை அப்படியே பையைக் கீழ போட்டுட்டா. என் மேல பாஞ்சா பாருங்க. 'யப்பா, அது கண்ணாடி இல்லப்பா! கண்ணாடி இல்லப்பா!'ன்னு கத்துதா. நான் கம்ப்ளைண்ட் நம்பரெல்லாம் எழுதி வச்சிருந்ததை எடுத்துக் காட்டுதேன், அவ அதைப் பாக்கவே இல்ல. அன்னையில இருந்து எங்கூடப் பேச்சு கெடையாது. இப்பவும் அவதான் இந்த மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்தா. மருந்து வாங்கக் கீழ போயிருக்கா. காலையில பஸ்ஸுல கூட அவங்க அம்மாவும் அவளும் ஒரு சீட்டுல, நான் பின்னால தனியா.

காலையில பெரிய டாக்டரு பாத்தாரு. தன் நெத்தியில லைட்டுப் பட்டியைக் கட்டி, லென்சை வச்சுக் குனிஞ்சு பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. பெறகு வெளக்கைப் போட்டுட்டு, 'கண்ணுக்குள்ள அழுத்தம் கூடி, பாக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப் போச்சு. வலிக்காது, செவக்காது, அதனால தெரியாது. ஓரத்துல இருந்து மறைஞ்சுக்கிட்டே வரும். எடது கண்ணுல அனேகமா ஒண்ணுமில்ல. வலது கண்ணுல நடுவுல கொஞ்சம் இருக்கு'ன்னாரு. வடிவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் கூட வரல. 'இப்ப இருக்கது இருக்குமா டாக்டர்'னு மட்டும் கேட்டா. 'காப்பாத்தப் பாப்போம்'னாரு. அதைச் சொல்லும்போது அவரு அவ மூஞ்சியைப் பாக்கல.

நான் கேட்டேன். எனக்குத் தெரிஞ்ச வேலைதான, கேட்டேன். 'டாக்டர், மண்ணுக்குள்ள கேபிளு அத்துப் போனா நாங்க தோண்டி ஒட்டுவோம். ஒவ்வொரு இழையா ஒட்டுவோம். மறுபடியும் பேசும். இந்த நரம்பை ஒட்ட முடியாதா?' அவரு தலையை ஆட்டினாரு. 'போனது போனதுதான்'னாரு. 'அப்ப எந்தக் கண்ணாடி போடணும்'னேன். 'எந்தக் கண்ணாடியும் பிரயோசனமில்ல'ன்னாரு. எம்மக அந்த நேரம் எம்பக்கம் திரும்பினா பாருங்க. அவ என்னைய அடிச்சிருந்தாக்கூடத் தேவல.

இல்ல, அழல அண்ணாச்சி. ஏசி ஒத்துக்கிடல.

ஒண்ணே ஒண்ணு. எனக்குப் பயமா இருக்கு. அவ ராத்திரி எந்திரிச்சா நான்தான் லைட்டைப் போடணும்னு இல்ல, லைட்டு போட்டாலும் போடாட்டாலும் ஒண்ணுதான்னு ஒரு நாள் வந்துரும்லா. அவ பேசவே மாட்டா. எதையும் ரெண்டாந்தரம் கேக்க மாட்டா. எனக்குச் சண்டை போட மட்டுந்தான் தெரியும். இதுல யார்கிட்டப் போயிச் சண்டை போடுதது? அதனாலதான் சொல்லுதேன், அந்தக் கம்பெனியை விடக்கூடாது. பொண்டாட்டிக்குத் தனியாக் கண்ணைப் பாருன்னு கொட்டை எழுத்துல அவன் போட்டிருக்கணுமா இல்லையா? யாழினி பேச்சுல சொன்னா ஆச்சா? எழுத்துல இருக்கணும். ஊருக்குப் போன ஒடனே மனு எழுதப் போறேன். எழுதுவேன். வேற என்ன செய்ய?

அந்தா கதவு தொறக்குது. வடிவுதான். டெஸ்டு முடிஞ்சிருச்சு போல. சிஸ்டரு வாசல் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டுட்டு உள்ள போயிருச்சு. மகளைக் காணோம், இன்னும் வரல. நான் எந்திரிச்சுப் போயிக் கூட்டிக்கிட்டு வரலாம். இல்ல, இருங்க. அவளே வரட்டும். நான் கையைக் காட்டுதேன். நேரே பாத்துத்தான் வாரா. நீங்க கண்ணைத் தொறக்காதீங்க, நான் சொல்லுதேன். நல்லாத்தான் நடந்து வாரா அண்ணாச்சி. ஒரு நாற்காலியில கூட இடிக்கல. செவப்புத் துண்டுக்காரரு காலை நீட்டியிருக்காரு, அதைக்கூடச் சுத்தி வந்துட்டா. யாரு சொன்னது நரம்பு செத்துப் போச்சுன்னு? நம்ம வரிசைக்கே வந்துட்டா. நான் கையை ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். சிரிக்கா பாருங்க. என்னையப் பாத்துத்தான் சிரிக்கா.

அண்ணாச்சி, பதறாதீங்க. உங்க தோள்ல இருக்கது எங்க வீட்டுக்காரி கைதான். நீங்க ஒண்ணும் பேசாதீங்க. உங்களை நான்னு நெனச்சுக்கிட்டுப் பேசுதா. 'நீங்க வெசனப்படாதீங்க, இன்னொரு கண்ணாடி மாத்திப் பாப்போம், சரியாப் போகும்'ங்கா. உங்க தோளைத் தட்டிக் குடுத்துக்கிட்டே சொல்லுதா.

வடிவு. ஏட்டி வடிவு. நான் இங்கன இருக்கேன். இந்தப் பக்கம். இந்தப் பக்கம் திரும்புட்டி.